சொட்டு போதும், ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் அப்படியான ஒரு வீட்டுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

றொசல்ல பக்கம் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பேசுகிறவர் யாரென்று தெரியாது. ஊர் தெரியாது, பெயர் தெரியாது. ஆனால் குரலில் அப்படி ஒரு உறுதி! "ரெண்டாம் மாசமும் நாலாம் மாசமும் பிள்ளையின் கையில் ஒரு சின்ன ஊசி போடுறாங்க. அதைப் போட விடாதீங்க. போலியோவுக்குச் சொட்டு குடுத்தா போதும். அந்த ஊசி நம்ம சந்ததியை அறுக்கிறதுக்கு."

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். முஸ்லிம் குழுக்களுக்கு வரும்போது அந்த "நம்ம" என்பது முஸ்லிம்கள். தோட்டத்துக் குழுக்களுக்கு வரும்போது அதே "நம்ம" மலையகத் தமிழர்கள். ஒரே குரல், ஒரே பொய். எந்தக் குழுவில் விழுகிறதோ அந்தக் குழுவின் பயத்தைப் போர்த்திக்கொள்கிறது.

இதை நாங்கள் முதலில் சிரித்துவிட்டுக் கடந்தோம். அது எங்கள் தவறு. கடந்த வாரம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய், இடுப்பில் நாலு மாதக் குழந்தையோடு பாடசாலைக்கு வந்தார். கிளினிக் போய் வந்தீர்களா என்று கேட்டோம். "போனேன் சேர். சொட்டு மட்டும் குடுங்க, கையில ஊசி வேணாமுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். கெட்டிக்காரத்தனமாக ஒரு ஆபத்திலிருந்து தப்பி வந்தவரின் முகம் அவருக்கு. அன்றைக்கு அரைப்பேரை விட்டுவிட்டு மழையில் நடந்து போன தாய். பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் இல்லை. அந்த அக்கறையைத்தான் இந்தக் குரல் பதிவு களவெடுத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், சொட்டு மட்டும் போதுமா?

போதாது. ஏன் என்று விளங்கிக்கொள்வோம். விளங்காமல் நம்பச் சொன்னால் குரல் பதிவுக்காரருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. 1, 2, 3. பழைய சொட்டு மருந்தில் மூன்றும் இருந்தன. இயற்கையாகப் பரவிய 2ஆம் வகை உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டது என்று 2015 செப்டம்பரில் உறுதி செய்யப்பட்டது. அதற்குப் பிறகு 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து 2ஆம் வகை எடுக்கப்பட்டது. இலங்கையிலும் அப்படித்தான். இன்றைக்கு நமது பிள்ளையின் வாயில் விடும் சொட்டில் 1ஆம், 3ஆம் வகைகளுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு.

அப்படியானால் 2ஆம் வகைக்கு யார் காவல்? கையில் போடும் அந்தச் சின்ன ஊசிதான். அதில் மூன்று வகையும் உண்டு. ஊசியை மறுத்துவிட்டுச் சொட்டோடு வீட்டுக்கு வந்த பிள்ளை, மூன்று கதவில் ஒன்று திறந்து கிடக்கும் வீட்டில் தூங்குகிறது.

இன்னொன்று. சொட்டு மருந்து உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது குடலைக் காக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதைத் தடுக்கிறது. ஊசி மருந்தில் இருப்பது செத்த வைரஸ். அது இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, வைரஸ் நரம்புக்குப் போய்க் காலை முடக்குவதைத் தடுக்கிறது. செத்த வைரஸால் போலியோ வராது, வரவும் முடியாது. இரண்டும் சேர்ந்துதான் காவல். இரவுக் காவலாளி இருக்கிறாரே, பகல் காவலாளி எதற்கு என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை.

"ஒழிஞ்ச நோய்க்கு ஏன் ஊசி?"

நியாயமான கேள்வி. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியத்தோடு சேர்த்து நமது நாட்டுக்கும் போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. நமது பிள்ளைகளுக்குப் போலியோ என்றால் என்ன என்றே தெரியாது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கால் சூம்பி, கைத்தடியோடு நடக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் உறவிலோ, பக்கத்துத் தோட்டத்திலோ இருக்கக்கூடும். இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள், இந்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்று.

நோய் இந்த நாட்டில் இல்லை. உலகத்தில் இருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் சொல்கிறோம்.

2022 ஜூலை, அமெரிக்கா, நியூயோர்க் மாநிலம். தடுப்பூசி போடாத ஒரு இளைஞருக்குப் போலியோவால் முடக்கம்.

2022 நவம்பர், இந்தோனேசியா, ஆச்சே. தடுப்பு மருந்து எதுவும் எடுக்காத ஏழு வயதுப் பிள்ளைக்கு. ஆச்சே எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். 2004இல் அந்தப் பக்கத்துக் கடலில் கிளம்பிய சுனாமி இரண்டு மணித்தியாலத்தில் நமது கிழக்குக் கரையில் நின்றது.

2024, காஸா. ஜூலையில் கழிவுநீரில் வைரஸ் கண்டுபிடித்தார்கள். ஓகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது. 25 வருடங்களுக்குப் பிறகு அந்த மண்ணில் முதல் போலியோ. யுத்தத்தில் வைத்தியசாலைகள் நொறுங்கி, பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து போய்ச் சேராமல் போனதன் விளைவு.

இந்த மூன்று இடத்திலும் வந்தது எந்த வகை தெரியுமா? 2ஆம் வகை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஊசி தடுக்கிற அதே வகை.

குரல் பதிவுக்காரர் இந்த இடத்தில் குதிப்பார். "பார்த்தீங்களா, அது சொட்டு மருந்துல இருந்து வந்த வைரஸ்!" ஆமாம், அது உண்மை. மறைக்க மாட்டோம். நிறையப் பிள்ளைகள் தடுப்பு மருந்து எடுக்காத இடத்தில், சொட்டிலிருந்து வெளிவரும் பலவீனமான வைரஸ் ஆளுக்கு ஆள் நீண்ட காலம் பரவிப் பரவி மாறி, பலம் பெற்றுவிடுவது உண்டு. அதனால்தான் 2ஆம் வகையைச் சொட்டிலிருந்து எடுத்தார்கள். அதனால்தான் ஊசியைக் கொண்டுவந்தார்கள். சொட்டைப் பற்றிப் பயப்படுகிறவர் ஊசியை இரண்டு கையாலும் வரவேற்க வேண்டும். இவர் சொட்டை வைத்துக்கொண்டு ஊசியைத் தள்ளச் சொல்கிறார். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே பீலியில் இருபது வீடு தண்ணீர் பிடிக்கும் லயங்கள் இன்னும் நம்மிடம் உண்டு. கழிப்பறை வசதி சரியில்லாத லயங்களும் உண்டு. போலியோ மலத்தின் வழியாகக் கைக்கும் தண்ணீருக்கும் வாய்க்கும் போகும் நோய். தொற்றியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் முடக்கம் வரும். மற்ற நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேர் தெரியாமலே பரப்பிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒரு நோய் மலைக்கு ஏறி வந்தால் முதலில் எந்தக் கதவைத் தட்டும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சந்ததியை அறுக்கிற கதை

முஸ்லிம் சகோதரர்களே, இது உங்களுக்கு.

2018 பெப்ரவரி, அம்பாறை. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு கதை கட்டினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு பரிசோதனையில் வந்தது மாவுக்கட்டி.

2019, குருநாகல். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்துவிட்டார் என்றார்கள். மனிதரைச் சிறையில் போட்டார்கள். விசாரித்தவர்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு நாம் எப்படித் துடித்தோம்? "ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்கிறீர்கள்" என்று எத்தனை பதிவு எழுதினோம்? இன்றைக்கு அதே மலட்டுக் கதை, அதே ஆதாரம் இல்லாத குரல், நமது தொலைபேசிக்கு வருகிறது. நாம் யோசிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். நம்மை எரித்த தீப்பெட்டியை நாமே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறோமே, வெட்கமாக இல்லையா? ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத், குர்ஆன் மத்ரஸாவில் ஓதிவிட்டு மறப்பதற்கா?

இந்தக் கதை புதிதும் இல்லை. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இதே பேச்சைக் கேட்டுப் போலியோ மருந்தை நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்குக் கிட்ட நிறுத்தி வைத்தார்கள். அங்கிருந்து கிளம்பிய வைரஸ் சுமார் இருபது நாடுகளுக்குப் போனது. பத்து வருடம் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவுக்கும் 2005இல் போய்ச் சேர்ந்தது. முடங்கியவை யார் பிள்ளைகள்? பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். பிறகு மருந்தை ஏற்றுக்கொண்டார்கள், இயற்கையான போலியோ வைரஸ் ஆபிரிக்காவிலிருந்து ஒழிந்ததாக 2020இல் அறிவித்தார்கள். தடுப்பு மருந்து எடுத்த அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்றிருக்கிறார்கள். சந்ததி அறுபடவில்லை. கதைதான் அறுந்தது.

கோபம் நியாயம், ஆனால் ஆள் மாறிவிட்டது

அரசாங்கத்தையும் சுகாதாரத் துறையையும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நாங்கள் கேலி செய்ய மாட்டோம்.

2020இல் நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். உலகமெல்லாம் அடக்கலாம் என்றபோது, விஞ்ஞானத்தின் பெயரில் இல்லாத ஆபத்தைச் சொல்லி எரித்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. தோட்டத்துப் பாட்டிமாரிடம் கேளுங்கள்; காசு கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஆள் சேர்த்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் போனதற்கு நாம் மட்டும் பொறுப்பில்லை.

ஆனால் ஜனாஸாவை எரித்த முடிவை எடுத்தவர் நமது மிட்வைப் மிஸ் இல்லை. அட்டை கடிக்கிற பாதையில் லயம் லயமாக ஏறி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறவர் அவர். நமது கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. நாலு மாதக் குழந்தையின் காலில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்பதில் கேள்வியே இல்லை. ஜனாஸாவுக்காக நாம் எப்படிப் போராடினோம்? "உலகம் ஏற்றுக்கொண்ட விஞ்ஞானத்தைக் கேளுங்கள்" என்றுதான் போராடினோம். அதே விஞ்ஞானம் இன்று ஊசியைப் போடச் சொல்கிறது.

யுத்த காலத்தில் தேசிய போலியோ தடுப்பு தினங்களுக்காக வடக்கு கிழக்கில் இரண்டு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைத்த நாட்கள் உண்டு. ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள் பிள்ளைகளின் காலுக்காக ஒரு நாள் நிறுத்தினார்கள். நமக்கு ஒரு ஃபோர்வர்டை நிறுத்த முடியவில்லை.

ஹராம் என்கிறவர்களுக்கு

போலியோ பாதிப்புள்ள நாடுகளிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் வருகிறவர்களிடம் போலியோ தடுப்பு மருந்து எடுத்த சான்றிதழைச் சவூதி அரசாங்கம் கேட்கிறது. கஃபாவுக்குப் போகிறவரிடம் கேட்பதை, கிளினிக்குக்குப் போகிற நாம் ஹராம் என்கிறோம். போலியோ ஒழிப்புக்கென்றே 2014இல் அமைந்த இஸ்லாமிய ஆலோசனைக் குழுவில் அல்அஸ்ஹரும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் இருக்கின்றன. இவர்களைவிட மார்க்கம் தெரிந்தவரா பெயரில்லாத குரல் பதிவுக்காரர்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று படித்தவர்கள் நாம். தடுப்பூசி அந்தக் கயிறு.

"நம்ம பிள்ளைக்கு மட்டும் அஞ்சில ஒரு பங்கு"

இது தோட்டப் பக்கத்தில் வரும் இன்னொரு பேச்சு. முழு ஊசி 0.5 மில்லிலீற்றர், இங்கே 0.1தான் போடுகிறார்கள், ஏழை என்பதால் குறைக்கிறார்கள் என்று. அளவு உண்மை, காரணம் பொய். 2015இல் ஊசி மருந்தை நமது நாட்டில் அறிமுகப்படுத்தினார்கள். உலகத்தில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், 2016இலிருந்து தசைக்குள் போடாமல் தோலுக்குள் சிறிய அளவில் இரண்டு தடவை போடும் முறைக்கு மாறினார்கள். கொழும்புப் பிள்ளைக்கும் அதேதான். இந்தியாவும் இதே முறைக்கு வந்தது. தோலில் நோயெதிர்ப்புக் கலங்கள் அதிகம் என்பதால் கொஞ்ச மருந்து நிறைய வேலை செய்கிறது. ஓமானிலும் கியூபாவிலும் செய்த ஆய்வுகள் இந்த முறைக்கு அடித்தளம். ஒரு முழு ஊசியைவிட இரண்டு சிறிய ஊசி நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் இரண்டும் போட்டால்தான். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டால் பாதிப் பாலத்தில் நிற்கிற மாதிரி.

சரி, ஊசிக்குப் போகும்போது

1. இரண்டாம் மாதம், நாலாம் மாதம் இரண்டிலும் ஒரே நாளில் மூன்று விசயம் நடக்கும். வாயில் சொட்டு. தொடையில் ஒரு ஊசி. அது தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு வலி உட்பட ஐந்து நோய்க்கு. கையில் தோலுக்குள் சின்ன ஊசி. அதுதான் போலியோ ஊசி. மூன்றும் நடந்ததா, பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

2. புத்தகத்தை மறக்காமல் கொண்டு போங்கள். கை சுலபமாக வெளியே எடுக்கக்கூடிய சட்டை போடுங்கள். நமது குளிருக்கு மூன்று சட்டை போட்டுத்தான் கொண்டுபோவோம், பரவாயில்லை, கழற்ற இலகுவாக இருக்கட்டும்.

3. சாதாரண தடிமன், லேசான இருமல் இருந்தாலும் போடலாம். கடும் காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள், தள்ளிப்போடுவார்கள். முந்திய ஊசியில் பிள்ளைக்கு முகம் வீங்கியது, மூச்சுத் திணறியது, வலிப்பு வந்தது என்றால் ஊசிக்கு முன்பே கட்டாயம் சொல்ல வேண்டும். ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை இருந்தாலும் சொல்லுங்கள்.

4. பிள்ளையை மடியில் அணைத்துப் பிடியுங்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். அழுகை சீக்கிரம் அடங்கும்.

5. போட்டவுடன் தோல் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பும். அது சரியாகப் போட்டதன் அடையாளம். கொஞ்ச நேரத்தில் அடங்கும். தேய்க்காதீர்கள். எண்ணெய், மஞ்சள், தைலம், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம்.

6. போட்டவுடன் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். இருபது முப்பது நிமிடம் கிளினிக்கிலேயே இருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அங்கேயே வைத்தியம் பார்க்கலாம்.

7. அன்றிரவு காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் அது தொடையில் போட்ட ஊசியால். பரசிட்டமோல் எவ்வளவு என்று பிள்ளையின் நிறைக்கு ஏற்றபடி கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அஸ்பிரின் கூடவே கூடாது.

8. மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, வலிப்பு, பிள்ளை துவண்டு போதல், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாத அழுகை, குறையாத கடும் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

9. திகதி தவறிவிட்டதா? ஏசுவார்கள் என்று வீட்டில் இருக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்கே போங்கள். பிந்திப் போடுவது போடாமல் விடுவதைவிட மேல்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

தாய்மாரை மட்டும் ஏசிவிட்டுப் போக மாட்டோம். சுகாதார அதிகாரிகளே, தமிழ் பேசும் தாயிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லி ஊசியைக் குத்தி அனுப்பினால், மிச்ச விளக்கத்தை வட்ஸ்அப் சொல்லிக் கொடுக்கும். அவருக்கு அவருடைய மொழியில் இரண்டு நிமிடம் பேசுங்கள். தோட்ட நிர்வாகங்களே, கிளினிக் நாளில் தாயின் அரைப்பேரை வெட்டாதீர்கள். அந்தக் காசு உங்களுக்குப் பெரிதில்லை, அவளுக்குப் பெரிது. கதீப்மாரே, கோயில் தலைவர்மாரே, ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம், ஒரு பூஜையில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். வாப்பாமாரே, அப்பாமாரே, பிள்ளைக்கு ஊசி போடுவது பொம்பளைகள் வேலை என்று ஒதுங்காதீர்கள். அந்தக் குரல் பதிவை அதிகம் அனுப்புகிறவர்கள் நீங்கள்தான்.

இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்குக் கிட்டத் தடுப்பு மருந்து எடுக்கிறார்கள். அது நமது தாய்மார் சம்பாதித்த பெருமை. ஆனால் மிச்சமிருக்கிற அந்த ஒரு சதவீதம் ஒரே லயத்தில், ஒரே தெருவில் சேர்ந்தால் வைரஸுக்கு அது போதும்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் பேசினோம். கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப அந்தக் குரல்ல பேசுனவரு பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பாரா சேர்?"

எங்களிடம் பதில் இல்லை. அனுப்பியவர்களே, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். உங்களைச் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு போய் உங்கள் உம்மா, உங்கள் அம்மா சொட்டுக் கொடுத்ததால்தான் இன்றைக்கு இரண்டு காலில் நின்று இதை அனுப்புகிறீர்கள். உங்கள் பிள்ளையும் இரண்டு காலில் நிற்கட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாய் போகிறார். இன்ஷா அல்லாஹ் துணைக்கு எங்களில் ஒருவர் போவோம். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தாய் இருந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

குரல் பதிவைப் பகிர்ந்த குழுக்களிலேயே இதையும் பகிருங்கள்.